விசர் எண்ணெய்

கனகாம்பிகையைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள். பிறகுதான் வாயைத் திறப்பார்கள். அவள் எப்படி இருந்தாள், எப்படிச் சிரிப்பாள், என்ன பாடுபட்டாள் என்று சொல்ல ஆளில்லை. அந்த எண்ணெய் மணத்தை மட்டும் எல்லாரும் பத்திரமாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஊர் சொல்லி முடித்துவிட்ட கதைதான். ஆனால் எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆகவே நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

அளவெட்டியில் அவர்களுடைய வளவும் எங்களுடைய வளவும் ஒரே வேலியின் இரண்டு பக்கம். கிணறு பங்குக் கிணறு. வேலியில் ஆள் குனிந்து போய்வர ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால் நெருப்புக் கொள்ளி, உப்பு, கறி, ஊர்க்கதை எல்லாம் போகும், வரும். கனகாம்பிகையின் தகப்பன் ஏரம்பர் புகையிலைத் தோட்டக்காரர். வாய் திறக்காமல் ஒரு நாளைக் கழித்துவிடக்கூடிய மனிதர். தாய் சின்னாச்சி மாமிக்கு இந்த உலகத்தில் இரண்டே பயம்: ஒன்று பாம்பு, மற்றது ஊர். பாம்பைக் கண்டால் தடியெடுத்து அடித்துவிடுவாள். ஊரை என்ன செய்வது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கனகாம்பிகை மூத்தவள். என்னை அக்கை என்று கூப்பிடுவாள். சின்ன வயதில் அவளுக்குச் சிரிப்பு ஒரு நோய் போல. கோயிலில் தேவாரம் படிக்கும்போது யாருடைய குரலாவது கொஞ்சம் பிசகினால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு வெளி வீதிக்கு ஓடுவாள். அதற்காக மாமியிடம் எத்தனையோ தரம் குட்டு வாங்கியிருக்கிறாள்.

அவளைத் தாய்மாமன் மகன் கதிரவேலுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவனுக்குக் குருநாகலில் சுருட்டுக் கடை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து போவான். வந்தால் ஒரு கிழமை மாப்பிள்ளைச் சாப்பாடு, போனால் பிறகு ஆளைக் காணக் கிடைக்காது. ஒரு பெண்பிள்ளை பிறந்தது. அது தவழத் தொடங்கிய கையோடு காய்ச்சலும் வலிப்பும் வந்து போய்விட்டது. கதிரவேலு வந்து சேர்ந்தபோது பிள்ளையை மண்ணில் தாட்டு முடித்திருந்தார்கள். இரண்டு நாள் இருந்தான். கடையைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் ரயிலேறினான். அதற்குப் பிறகு பொங்கலுக்கும் வரவில்லை. அங்கே வேறொரு வீடு வைத்திருக்கிறான் என்று கதை வந்தது. ஊர் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. ஆம்பிளை என்றால் அப்படித்தான் என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்கள். ஊருக்கு நாக்கு இருந்தது அவளைப் பற்றிப் பேச மட்டும்தான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நாலு பெண்கள் கூடி ஒப்பாரி வைத்து, தேற்றி, சுடுதண்ணி வார்த்து எழுப்பியிருப்பார்கள். அவள் அடுக்களைக்குப் பின்னால் முருங்கையடியில் ஒரு பலகைக்கட்டையில் குந்திக்கொண்டு கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை சீவவில்லை. சோறு வைத்தால் கோழி தின்றது. மாமி கோயில் திருநீறு பூசிப் பார்த்தாள், நூல் மந்திரித்துக் கட்டிப் பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ஏரம்பர்தான், அதிசயமாக வாய் திறந்து, "பரிகாரியாரைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று வெளிக்கிட்டார்.

எங்கள் ஊர் நாட்டு வைத்தியர் சோமசேகரம் பரிகாரியார் கெட்டிக்காரர்தான், ஆனால் தான் கெட்டிக்காரர் என்பதை அவரும் அறிந்திருந்தார். குடையும் சால்வையுமாக வந்து நாடி பிடித்தார். கண்ணிமையை விரித்துப் பார்த்தார். அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஏரம்பரிடம் சொன்னார்.

"இது பேயுமில்லை, பிசாசுமில்லை. பிள்ளைக்கு மனம் விழுந்து போச்சு. வல்லாரை, நீர்ப்பிரமி, சடாமாஞ்சில் எல்லாம் சேர்த்து நல்லெண்ணெயிலை காய்ச்சித் தாறன். ஒவ்வொரு நாளும் வெயில் ஏற முன்னம் தலையிலை வைச்சு நல்லாய்த் தேய்ச்சு முழுக வார்க்க வேணும். வல்லாரைச் சம்பல் குடுங்கோ. புளி, கருவாடு கண்ணிலையும் காட்டப்படாது."

"மணம் கொஞ்சம் கடுமையெண்டு சொல்லுகினம்..." என்று மாமி இழுத்தாள்.

"கொஞ்சமோ? என்ரை எண்ணெய் வைச்ச தலை வாசல் படலையடிக்கு வரேக்கையே அடுக்களைக்குள்ளை இருக்கிறவைக்குத் தெரியும். மணக்காத மருந்தும் ஒரு மருந்தே?"

அவர் பெருமையாகத்தான் சொன்னார். மாமிக்கு அப்போதே முகம் கறுத்துவிட்டது. ஏனென்றால் அந்த எண்ணெயை அவர் முன்னால் தலைக்கு எண்ணெய் என்பார்கள். அவர் முதுகைக் காட்டினால் விசர் எண்ணெய், பைத்தியத்துக்கு வைக்கிற எண்ணெய். ஈரச் சாக்கும் பழைய கற்பூரமும் கலந்த மாதிரி ஒரு மணம். யார் தலையில் அது இருந்தாலும் ஊருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இருந்தாலும் மாமி தொடங்கினாள். அதை நான் சொல்லத்தான் வேண்டும். கிணற்றடியில் தண்ணி அள்ளிக்கொண்டு நான் பார்த்திருக்கிறேன். கனகாம்பிகையைப் பலகைக்கட்டையில் இருத்தி, சிக்குப் பிடித்த கூந்தலை அவிழ்த்து, கறுப்புப் போத்திலிலிருந்து எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்ப்பாள். எப்போதும் அதே சொல்தான் சொல்லுவாள்.

"கண்ணை மூடு பிள்ளை. எண்ணெய் கண்ணுக்கை போகும்."

கனகாம்பிகை கண்ணை மூடுவாள். முதல் சில நாள் அவ்வளவுதான். பிறகு ஒருநாள் தானாகத் தண்ணி கேட்டாள். பிறகு சோற்றைக் கோழிக்கு விடாமல் தானே தின்றாள். ஒரு காலை என்னைப் பார்த்து, "அக்கை, உங்கடை மாடு கண்டு போட்டிட்டுதோ?" என்று கேட்டாள். நான் வாளியைக் கிணற்றுக்குள் நழுவவிட்டேன். மாடு கன்று போட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது, அது வேறு கதை. பரிகாரியார் பார்க்க வந்த ஒருநாள், அவர் தன்பாட்டுக்கு எண்ணெயின் பெருமையை விளாசிக்கொண்டு நிற்க, ஏரம்பருடைய ஆடு பின்னால் வந்து அவருடைய சால்வைத் தலைப்பைச் சப்பத் தொடங்கியது. கனகாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. மாமி அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எண்ணெய்தான் அவளைச் சுகப்படுத்தியது என்று பரிகாரியார் சொல்லித் திரிந்தார். இருக்கலாம். எனக்கு வேறொரு நினைப்பு. பிள்ளை செத்த நாளிலிருந்து அவளை யாரும் தொடவேயில்லை. தீட்டுத் துடக்கு என்றும் துக்கம் என்றும் பேய் என்றும் எட்டத்தில் நின்றார்கள். அந்த எண்ணெய் வந்த பிறகுதான் ஒரு கை அவள் தலையில் ஆறுதலாக நெடுநேரம் இருந்தது. எது மருந்து என்று நான் யாரோடும் வாதாடப் போவதில்லை. இரண்டும் சேர்ந்து அவளை எழுப்பிக்கொண்டு வந்தன. புகையிலை கட்டும்போது தகப்பனுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக் கைகொடுக்கத் தொடங்கினாள். இன்னும் கொஞ்சக் காலம் விட்டிருந்தால் எழும்பியிருப்பாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கச்சி பராசக்திக்குக் கலியாணம் பேச்சு வந்தது. மாப்பிள்ளை தியாகராசா உடுவிலைச் சேர்ந்தவன். கொழும்பில் கந்தோர் கிளாக்கர். அந்தக் காலத்தில் கந்தோர் மாப்பிள்ளை என்றால் வீட்டுக்கு ஓடு போட்டது மாதிரி. மாப்பிள்ளையின் தாய் சின்னத்தங்கம் திருவிழாவுக்கு வந்து, கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்ப்பதாக ஒழுங்கு. தரகர் வந்து சொல்லிவிட்டுப் போகும்போது மூக்கை உறிஞ்சினார். "உங்கை ஆருக்கோ எண்ணெய் வைக்கிறியள் போலை?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி போதும், மாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் வேலிப் பொட்டடியில் என்னைக் கூப்பிட்டாள். ஏதோ பெரிய வழியைக் கண்டுபிடித்தவள் மாதிரி முகம்.

"ஒராள் பூசினால்தானே ஆருக்கெண்டு கேப்பினம்? வீட்டிலை எல்லாரும் பூசினால் ஆரைக் கேக்கிறது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"மாமி, உள்ளதைச் சொல்லுங்கோவன். பிள்ளையைப் பறிகுடுத்தவள், மனம் உடைஞ்சு போனாள், மருந்து செய்யிறம், இப்ப சுகமாய் வாறாள் எண்டு. உதிலை என்ன வெக்கம்?"

"உனக்கென்ன, உன்ரை வீட்டிலை கரைசேர்க்கக் குமரே இருக்குது? வெளியிலை கேட்டால் சூட்டுக்கு வைக்கிறம் எண்டு சொல்லப் போறன். எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் சூட்டு உடம்பு."

அப்படித்தான் நடந்தது. முருங்கையடியில் ஒரு தலைக்கு வைத்த எண்ணெய் இப்போது நாலு தலைக்கு. ஏரம்பர் மட்டும் ஒருமுறை மல்லுக்கு நின்றார்.

"எனக்கு என்னத்துக்கடி? எனக்கென்ன விசரே?"

"பேசாமல் குனியுங்கோ. ஒரு பெட்டைக்காக எண்டாலும் குனியுங்கோ."

குனிந்தார். பராசக்தி அழுது அழுது குனிந்தாள். மாமி தன் தலையிலும் வழிய வழிய வைத்துக்கொண்டாள். வேலை நாலு மடங்கானபோது கைக்கு அவசரம் வந்துவிட்டது. கனகாம்பிகைக்கு நெடுநேரம் தேய்த்த கை இப்போது உச்சியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த தலைக்குப் போனது. கண்ணை மூடு என்று சொல்லவும் நேரமில்லை. மாமி போன பிறகும் கனகாம்பிகை கூந்தலை அவிழ்த்தபடி கொஞ்சநேரம் இருப்பாள்.

ஏரம்பர் கோயிலுக்குப் போனால் அவரைச் சுற்றி நாலு பேர் நிற்கக்கூடிய இடம் காலியாக இருந்தது. புகையிலை வாங்க வந்த வியாபாரி காற்றடிக்கும் பக்கமாக நகர்ந்து நின்று விலை பேசினான். "சூட்டுக்கு" என்று மாமி சொன்னது பரிகாரியாருடைய காதுக்கும் எட்டியது. மனம் விழுந்தவர்களை எழுப்புகிற தன் எண்ணெயைச் சூட்டெண்ணெய் ஆக்கிவிட்டார்கள் என்று அவர் கொதித்தார். இனி அந்தப் படலைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று சந்தியில் நின்று சத்தமாகச் சொன்னார்.

திருவிழா அன்று நானும் கோயிலில் நின்றேன். எங்கள் ஊர் நாதஸ்வரக்காரர் ஊதினால் காற்று நின்று கேட்கும் என்பார்கள். அன்றைக்குக் காற்று நிற்கவில்லை. நன்றாகவே அடித்தது. சின்னத்தங்கம் நல்ல மனுசி மாதிரித்தான் தெரிந்தாள். பராசக்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கிட்டப் போய், நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, தலையைத் தன் பக்கம் அணைத்துத் தடவினாள். தடவிய கை அப்படியே நின்றது. மெல்ல எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மாமி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு பக்கத்தால் வந்தாள். மறுபக்கத்தால் ஏரம்பர் வந்து கும்பிட்டார். சின்னத்தங்கம் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பூசை முடியும்வரை நிற்கவில்லை.

அவள் என்ன சொன்னாள் என்று தரகர் எங்கள் படலையில் நின்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

"மூத்தவளுக்கு மட்டும் எண்டால் பாவம், பிள்ளை செத்த துக்கம் எண்டு விட்டிருப்பன். அந்தக் கதை எனக்கு முன்னமே தெரியும், தெரிஞ்சுதான் வந்தனான். இதென்ன, தேப்பன், தாய், தங்கச்சி எல்லாருக்கும் எண்ணெய் போகுது! வீடு முழுக்க விசரெண்டால் நான் என்னெண்டு என்ரை பிள்ளையைக் குடுக்கிறது?"

தெரிந்துதான் வந்தாளாம். மறைக்காமல் விட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது. மறைத்ததுதான் கெடுத்தது. இதை மாமியிடம் சொல்ல நான் பொட்டுக்குள்ளால் குனிந்தேன். அவள் ஏற்கெனவே வேறொரு முடிவுக்கு வந்திருந்தாள். கெடுத்தது கனகாம்பிகை. கெடுத்தது எண்ணெய். இரண்டையும் இனி ஊர் காணக்கூடாது.

எண்ணெய் நின்றது. வீட்டில் எல்லாரும் சீயக்காய் வைத்துத் தோயத் தோய முழுகினார்கள். அடுத்த நாள் காலையில் கனகாம்பிகை வழக்கம் போலப் பலகைக்கட்டையை இழுத்துப் போட்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டு இருந்தாள்.

"அம்மா, எண்ணெய் வைக்கேல்லையே?"

"போத்தில் உடைஞ்சு போச்சு."

"பரிகாரியாரிட்டை..."

"உடைஞ்சு போச்செண்டு சொல்லுறன். எழும்பி உள்ளுக்குப் போ!"

அவள் மறுநாளும் வந்து இருந்தாள். அதற்கு மறுநாளும். வெயில் ஏற முன்னம், அதே இடம், அவிழ்த்த தலை. மாமி விறகு எடுக்கவும் சாம்பல் கொட்டவும் அவளைத் தாண்டித் தாண்டிப் போவாள், வருவாள். ஒரு துளி தேங்காயெண்ணெய் என்றாலும் வைத்திருக்கலாம். என்னால் பொறுக்க முடியவில்லை. என் புருசனை அனுப்பிப் பரிகாரியாரிடம் கேட்டுப் பார்த்தேன். ஏரம்பரே வந்து ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். மருந்துக்கு மேலே மானம். அவரும் எங்கள் ஊர்தானே!

பிறகு ஒரு நாள் நானே ஒரு சிரட்டையில் தேங்காயெண்ணெயை எடுத்துக்கொண்டு போய் அவள் தலையில் வைத்துத் தேய்த்தேன். அவள் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டாள். மாமி கண்டுவிட்டாள்.

"என்ரை பிள்ளைக்கு எண்ணெய் வைக்க நீ ஆர்? ஊருக்குக் காட்டவோ?"

அன்று பின்னேரம் ஏரம்பர் வந்து வேலிப் பொட்டைக் காவோலையும் முள்ளும் வைத்து அடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றை இறுக்கி இறுக்கிக் கட்டினார். வாய் திறக்க ஏதோ இருந்திருக்கும், ஆனால் அவர் எப்போது திறந்தார்!

அடுத்த வருசம் தூரத்தில், தென்மராட்சிப் பக்கம், பராசக்திக்கு மாப்பிள்ளை கிடைத்தான். எண்ணெய் மணம் அவ்வளவு தூரம் போகவில்லை. மூத்தவள் எங்கே என்று அவர்கள் கேட்டபோது, புருசனோடு குருநாகலில் இருக்கிறாள் என்று மாமி சொல்லிவிட்டாள். கலியாணத்தன்று மேளமும் நாதஸ்வரமும் எங்கள் வளவுவரை அதிர்ந்தன. கனகாம்பிகை பின்வளவில் புகையிலை போடுகிற கொட்டிலுக்குள், வெளியில் கொழுக்கி போட்ட கதவுக்குப் பின்னால் இருந்தாள். ஊர் முழுக்க அந்தப் பந்தலில் இருந்து சாப்பிட்டது. ஊர் முழுக்கத் தெரியும் அவள் எங்கே என்று. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மறைக்க வேண்டாத காலத்தில் மணந்து மணந்து பார்த்தவர்கள், மறைக்கக்கூடாத நேரத்தில் நன்றாக மறைத்துக் கொடுத்தார்கள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? குருநாகலில் இருக்கிறவளை எப்படிக் கிணற்றடியில் காட்டுவது? கலியாணம் முடிந்தும் கொழுக்கி கழலவில்லை. சம்பந்தி வீட்டார் பொங்கலுக்கு வருவார்கள், பிள்ளைப் பேற்றுக்கு வருவார்கள், ஏதாவது ஒரு நாளுக்கு வருவார்கள். கனகாம்பிகை அந்தக் கொட்டிலுக்குள் வருசக்கணக்கில் இருந்தாள். சாப்பாடு போனது, தண்ணி போனது. சில காலைகளில் நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க, உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கும். சண்டை பிடிக்கிற குரலில்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரி, "அம்மா, போத்தில் வாங்கியாச்சே?" என்று கேட்பாள். கொஞ்சக் காலத்தில் அந்தக் குரலும் நின்றுவிட்டது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், அரிசிக்குக் கூப்பன் வந்த அடுத்த வருசம், காய்ச்சல் கண்டு செத்துப் போனாள்.

அன்றைக்குத்தான் அவளை வெளியே கொண்டுவந்தார்கள். ஊர் வந்தது. பராசக்தி புருசனோடு சாவகச்சேரியிலிருந்து வந்து இறங்கினாள். குருநாகலிலிருந்து நோய் வருத்தமாய் வந்தவள் என்று சம்பந்தி வீட்டாருக்குச் சொன்னார்கள். அவர்களும் தலையாட்டினார்கள். பிரேதத்தை முற்றத்தில் நீள வாங்கிலில் கிடத்தியிருந்தார்கள். அடையாளம் தெரியாத அளவுக்கு மெலிந்திருந்தாள். குளிப்பாட்ட முன்னம் எண்ணெயும் அரப்பும் வைக்க வேண்டும். வீட்டில் நல்லெண்ணெய் இல்லை, கடைகளிலும் இல்லாத காலம். எங்கள் வீட்டில் கொஞ்சம் கிடந்தது. எடுத்துவர நான் திரும்பினேன்.

"வேண்டாம் பிள்ளை, நில்லு" என்றாள் மாமி.

உள்ளே போனாள். பரணுக்கு ஏணி வைக்கிற சத்தம் கேட்டது. பழைய சீலைத் துண்டில் சுற்றிய ஒரு பொருளோடு வந்தாள். சீலையை அவிழ்த்தாள். கறுப்புப் போத்தில். உடையவில்லை. கீறல்கூட இல்லை. பாதிக்கு மேல் இருந்தது.

எங்கே கொட்டினாலும் மணக்கும், ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் கொட்டாமல் வைத்திருக்கிறாள். கனகாம்பிகை இத்தனை வருசம் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு முற்றம் தாண்டி, அந்தப் பரணில் கிடந்திருக்கிறது. நான் அந்த இடத்திலேயே மாமியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். செத்த வீடு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மூடியைத் திறந்ததும் மணம் முற்றமெல்லாம் பரவியது. பராசக்தியின் புருசன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உதென்ன மணம்?" என்று கேட்டான். பராசக்தி அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"அக்காடை எண்ணெய்."

மாமி எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். அறுகம்புல்லை எண்ணெயில் தொட்டு, அவள் உச்சியில் தொட்டு, அரப்பில் தொட்டு, மறுபடி தொட்டு, விலகி விலகிப் போனார்கள். முறைப்படி எல்லாம் சரியாக நடந்தது. விசர் எண்ணெய் என்று ஒதுங்கியவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு அதை அவள் தலைக்கு வைத்தார்கள். புல்லின் நுனி பட்டது. ஒருவருடைய கையும் படவில்லை.

கடைசியாக மாமி வந்தாள். கையில் கொடுத்த அறுகம்புல்லைக் கீழே போட்டாள். கிண்ணத்தில் மிஞ்சியதை உள்ளங்கையில் ஊற்றி, உச்சியில் வைத்து, இரண்டு கையாலும் தேய்க்கத் தொடங்கினாள். மெல்லமாக, பழைய மாதிரி, அவசரமில்லாமல். நேரம் போகுது என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை. நெற்றியால் எண்ணெய் வழிந்தது.

"கண்ணை மூடு பிள்ளை" என்றாள். "எண்ணெய் கண்ணுக்கை போகும்."

கனகாம்பிகை சொல்வழி கேட்கிற பிள்ளை. மூடித்தான் இருந்தாள்.